ஆற்றங்கரை எவருக்கு உரியது?

சென்ற ரஜப் மாதத்தில் ஒரு மாலை, அஸர் தொழுகைக்குப் பின், நம் மருமகன் ஒரு கட்டுக் காகிதத்துடன் வந்து எதிரில் அமர்ந்தார். வானகரத்துக்கும் நொளம்பூருக்கும் இடையே, கூவம் ஆற்றை ஒட்டி எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் பதினோராவது மாடியில் ஒரு வீடு. விளம்பரத் தாளில் ஆறு நல்ல நீல நிறத்தில் அச்சிடப்பட்டிருந்தது. இந்த நீலத்தைக் கூவம் எந்த நாளில் கண்டது என்று நாம் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டார்.

"மாமா, பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் வக்கீல் பார்த்துவிட்டார். ஒரு குறையுமில்லை. மார்க்கப்படி இதில் ஏதும் தடை உண்டா என்று மட்டும் நீங்கள் சொல்லிவிட்டால், முன்பணம் கொடுத்துவிடுவேன்" என்றார்.

வங்கிக் கடன் பற்றிய கேள்வி வேறு. அதற்கு அவர் தம் சேமிப்பையும் தம் தகப்பனாரின் நிலம் விற்ற பணத்தையும் வைத்து வழி செய்திருந்தார். ஆகவே அதை இங்கே நாம் எடுக்கவில்லை. விற்பவர் உரிமையாளர், பொருள் தெரிந்த பொருள், விலை பேசி முடித்த விலை. பிக்ஹு கிதாபுகளில் வியாபாரத்துக்குரிய நிபந்தனைகள் என்று பிள்ளைகளுக்கு நாம் முப்பது ஆண்டுகளாய்ச் சொல்லிக்கொடுப்பவை எல்லாம் அங்கே இருந்தன. 'கூடும்' என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். அந்தச் சொல் அன்று நம் நாவில் எழவில்லை. காரணம், அந்தக் கரையை நாம் அறிவோம்.

அதை அடுத்த ஒரு பள்ளிவாசலின் மாலை மக்தபில் ஏழு ஆண்டுகள் ஓதிக்கொடுத்திருக்கிறோம். பிள்ளைகளில் பாதிப்பேர் கரைச் சரிவிலிருந்து வருவார்கள். செங்கல் பாதி, தகரம் பாதி, மேலே தார்ப்பாய். அவைதாம் அவர்களுடைய வீடுகள். தந்தைமார் கோயம்பேட்டுச் சந்தையில் மூட்டை சுமப்போர், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலிகள். தாய்மார் முகப்பேர் வீடுகளில் பாத்திரம் துலக்குவோர். தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. சந்தை 1996-ல் கோயம்பேட்டுக்கு வந்தது. வேலைக்கு ஆள் வேண்டும் என்று அழைத்த நகரம், அந்த ஆள் இரவில் எங்கே படுப்பான் என்று கேட்கவில்லை. ஆற்றின் சரிவு ஒன்றுதான் அவனை 'வாடகை எவ்வளவு தருவாய்?' என்று கேளாமல் ஏற்றுக்கொண்டது.

அந்த வாழ்வை நாம் போற்றிப் பாடப் போவதில்லை. கரையில் குடியிருப்பது அழகான ஏழ்மை என்று எழுதுகிறவர்கள் ஒரு மழைக்காலத்தை அங்கே கழித்துப் பார்க்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தக் குடும்பங்கள் பள்ளிவாசலின் மாடியில் நான்கு இரவுகள் கிடந்தன. நீர் வடிந்தபின் அவர்கள் இறங்கிப் போனபோது அங்கே வீடு இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. அதே ஆண்டில்தான் கூவத்தைச் சீரமைக்கும் திட்டம் ஏறத்தாழ 605 கோடி ரூபாயில் அரசால் தொடங்கப்பட்டது. கரையிலிருந்து அகற்றி வேறிடத்தில் குடியமர்த்தப்பட வேண்டியவை 14,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் என்று கணக்கிட்டார்கள். சிலர் தென்கோடியிலுள்ள பெரும்பாக்கத்துக்கும், சிலர் மேற்கே திருமழிசையை அடுத்த கூடப்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டனர். நம் மக்தபில் ஒரே வாரத்தில் பதினேழு பிள்ளைகள் குறைந்தார்கள். ரேகால் பலகைகளின் மேல் சில கிதாபுகள் கேட்பாரற்றுக் கிடந்தன.

நான்கு மாதம் கழித்து அவற்றுள் ஒன்றைக் கேட்டுக்கொண்டு ஒரு தாய் வந்தார். கூடப்பாக்கத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி நாள்தோறும் பழைய வீடுகளுக்கே வேலைக்கு வருவதாகச் சொன்னார். "அங்கே வீடு நல்லாத்தான் இருக்கு ஹஜ்ரத். கதவு பூட்டு எல்லாம் இருக்கு. தண்ணி உள்ளே வராது. ஆனா விடிய நாலரைக்கு நான் கிளம்பிடறேன். புள்ளை யாரோட எழுந்திருக்கான், எப்போ பள்ளிக்கூடம் போறான், எனக்குத் தெரியறதில்லை" என்றார். குறைப்பட்டுக்கொள்ளும் குரல் அன்று. கணக்குச் சொல்லும் குரல்.

இப்போது அந்தச் சரிவில் வேலி இருக்கிறது. உள்ளே மரக்கன்றுகள், நடைபாதை. மருமகன் காட்டிய படத்தில், பதினோராவது மாடியின் முகப்பிலிருந்து பார்த்தால் தெரியும் பசுமை அதுதான்.

இனி, மார்க்க நூல்கள் இதில் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். ஆற்றங்கரை பற்றி நம் இமாம்கள் எழுதியிருப்பதைக் கண்டால் இக்காலத்துப் பொறியாளரும் வியப்பார். கிணற்றுக்கும் ஆற்றுக்கும் 'ஹரீம்' என்றொரு சுற்றெல்லை உண்டு. அதைத் தரிசு என்று சொல்லி எவரும் பண்படுத்தித் தமதாக்கிக்கொள்ள முடியாது. உயிரற்ற நிலத்துக்கு உயிர் கொடுத்தவருக்கே அது சொந்தம் என்ற பொது விதி அந்த எல்லையில் வந்து நின்றுவிடுகிறது. நைல் நதியின் கரையை நோக்கி மாளிகைகள் நீண்டுகொண்டே போனபோது, ஹிஜ்ரி 911-ல் மறைந்த இமாம் சுயூத்தீ (ரஹ்) அவர்கள் அதைத் தடுத்துத் தனியாகவே ஒரு சிறு நூல் எழுதினார்கள். பின்வந்த ஷாஃபிஈ இமாம்கள், அந்த எல்லையில் எழுப்பியது பள்ளிவாசலேயாயினும் இடிக்கப்பட வேண்டும் என்றனர். இமாம் ரம்லீ (ரஹ்) அவர்களின் 'நிஹாயா'வில் இன்னும் ஒரு படி மேலே செல்லும் ஒரு கருத்து இருக்கிறது. நீர் விலகிப்போய், அந்த இடம் கரை என்ற நிலையையே இழந்துவிட்டாலும் சட்டம் மாறாது. ஏனெனில் நீர் திரும்பி வரக்கூடும். நாம் அதை மதரஸாவில் ஓதிய காலத்தில் அதிகம் யோசிக்காமல் கடந்து போனோம். 2015-ல் முழங்கால் அளவு நீரில் நின்றுகொண்டு அதே வரியை நினைத்துக்கொண்டோம்.

இந்தச் சட்டத்தின்படி கரையில் குடிசை போட்டவருக்கு அங்கே உடைமை இல்லை. இதை மறைத்துப் பேசுவது ஏழைக்குச் செய்யும் உதவியாகாது. அகற்றுவதற்கு ஆட்சிக்கு உரிமை உண்டு. வெள்ளம் வரும் வழியில் பிள்ளைகள் உறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே குற்றம். ஆயினும் ஒன்று. கரை எல்லாருக்கும் பொது என்ற காரணம் குடிசைக்கு மட்டும் பொருந்தும் காரணமாக இருக்க முடியாது. தகரக் கூரையை நோக்கி 'இது ஆற்றின் எல்லை' என்று சொல்லும் நாக்கு, கான்கிரீட்டை நோக்கியும் அதையே சொல்ல வேண்டும்.

சொல்லியதா? நம் நகரின் கதையைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். தியாகராய நகர் இருக்குமிடம் 1920-கள் வரை மாம்பலம் ஏரி. அதை வற்றச் செய்துதான் மனை பிரித்தார்கள். வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரியில். வீட்டு வசதி வாரியத்தின் மனைத் திட்டம் ஒன்றின் பெயரே 'முகப்பேர் ஏரித் திட்டம்'. பெயரில் ஏரியை வைத்துக்கொண்டு ஏரியைத் தேடும் ஊர் உலகில் வேறெங்கும் உண்டோ, அறியோம்! கூவத்தின் மேலேயே துறைமுகத்திலிருந்து மதுரவாயல் வரை பறக்கும் சாலை அமைக்க 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். அதற்காகவும் கரைக் குடும்பங்கள் அகற்றப்பட்டன. ஆற்றுக்குள் தூண்கள் எழுந்தன. 2012-ல், அத்தூண்கள் நீரோட்டத்தைத் தடுக்கின்றன என்று சொல்லி வேலை நிறுத்தப்பட்டது. பத்தாண்டுகள் அந்தத் தூண்கள் வெயிலிலும் மழையிலும் ஆற்றில் நின்றன. பின்னர் 2022-ல் வேறொரு வடிவில் மறுபடியும் அடிக்கல். ஆக, ஏழை ஆற்றில் காலூன்றினால் ஆக்கிரமிப்பு. சாலை காலூன்றினால் வளர்ச்சி.

கரையை அழகு செய்வதை நாம் பகையாகக் கருதவில்லை. ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு ஏரியைத் தூர்வாரி, சுற்றிலும் பாதை அமைத்து, 2019-ல் பூங்காவாகத் திறந்தார்கள். மாலையில் அங்கே போனால் பட்டாபிராமிலிருந்து நடந்து வந்த முதியவர்களையும், பூந்தமல்லியிலிருந்து பர்தாவுடன் பிள்ளைகளைக் கூட்டிவந்த தாய்மார்களையும், கரையில் சுண்டல் விற்பவரையும் ஒருங்கே காணலாம். நுழையும் ஒருவரை நீ எந்த மாடியில் குடியிருக்கிறாய் என்று எவரும் கேட்பதில்லை. நீர் அனைவருக்கும் கூட்டுடைமை என்ற நபிமொழியின் கருத்துக்கு அது ஓரளவு நெருங்கி நிற்கிறது. கரை பொதுவாகவே இருந்து, அந்தப் பொதுவின் வாசல் திறந்தே கிடந்தால், அதில் வழக்கில்லை. பொதுவின் பெயரால் ஒருவரை அகற்றிவிட்டு, அதன் காட்சியைச் சிலருக்கு விற்பதுதான் வழக்கு.

இலங்கை வாசகர்கள் இதைப் படிக்கும்போது கொழும்பின் கொம்பனித்தெருவை நினைப்பார்கள். பேரை வாவியின் கரையில், தலைமுறை தலைமுறையாய் மலாய் முஸ்லிம்களும் தமிழ் பேசும் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் நெருக்கி வாழ்ந்த வீதிகள் அவை. 2010-ல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் அங்கே ஒரு வீதியின் வீடுகள் இடிக்கப்பட்டன. வாவியைச் சுற்றி இன்று வானளாவிய மாளிகைகள். இதில் நம் மனத்தை உறுத்துவது ஒன்றுண்டு. கொம்பனித்தெருவில் பலரிடம் உறுதிப்பத்திரம் இருந்தது. கூவக் கரையில் பத்திரம் இல்லாதவனிடம் 'உன்னிடம் பத்திரம் இல்லையே' என்றார்கள். அங்கே பத்திரம் இருந்தவனிடம் 'நகருக்கு இந்த இடம் வேண்டும்' என்றார்கள். காரணம் ஊருக்கு ஊர் மாறுகிறது, அகற்றப்படுபவர் மாறுவதில்லை.

நகருக்கு வேண்டும் என்பது சிறிய காரணம் அன்று. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்க விரும்பினார்கள். அதைவிடப் பொது நன்மை மதீனாவில் எது? அருகில் இருந்தது ஹஜ்ரத் அப்பாஸ் (ரலி) அவர்களின் இல்லம். விலைக்கும் தர மறுத்தார்கள். வழக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் போயிற்று. கலீஃபாவுக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று; உமர் (ரலி) அதை ஏற்றார்கள். அதன் பின்னரே அப்பாஸ் (ரலி) அவர்கள் தாமாக மனமுவந்து அந்த இடத்தைக் கொடுத்தார்கள். அதற்கு முன்பு, அந்தப் பள்ளிவாசலுக்கு முதன்முதலாக நிலம் எடுத்த நாளில், அது ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரு அநாதைச் சிறுவர்களுக்குரியதாய் இருந்தது. சும்மாவே தருகிறோம் என்று சொல்லியும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விலை கொடுக்காமல் அதை ஏற்கவில்லை. பத்திரம் உள்ளவரின் விஷயம் இவ்வளவில் தெளிவு.

பத்திரமில்லாதவருக்கு என்ன ஹக்கு? இதுதான் நம்மைப் பல இரவுகள் விழித்திருக்கச் செய்த கேள்வி. உடைமை இல்லாவிட்டாலும் 'அண்மை' என்று ஒரு பிடிப்பு உண்டு என்பதை நம் சட்டம் அறிந்தே இருக்கிறது. 'ஷுஃப்ஆ'வைப் பாருங்கள். ஒருவர் தம் மனையை விற்கும்போது அதை வாங்க முதல் உரிமை இன்னாருக்கு என்று வைத்தார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் அது பங்காளிக்கு மட்டும். ஹனஃபீ மத்ஹபில் அண்டை வீட்டாருக்கும். (நம் வீட்டில் நாம் ஷாஃபிஈ, மருமகன் ஹனஃபீ. இவ்விஷயத்தில் அவர் மத்ஹபு நெஞ்சுக்கு நெருக்கமாய் இருக்கிறது என்று சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது!) கரைக் குடிசைக்காரர் சட்டப்படி ஷுஃப்ஆ கேட்க முடியாது, அதை நாமும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தின் அடியில் இருக்கும் எண்ணம் என்ன? ஓரிடத்தின் அருகே வாழ்ந்து, அவ்விடத்தோடு பிழைப்பையும் உறவையும் பிணைத்துக்கொண்டவருக்கு, தொலைவிலிருந்து பணத்தோடு வருபவரை விட முந்திய ஒரு பிடிப்பு உண்டு என்பதன்றோ? அந்தத் தாய்க்குக் கரைமேல் உரிமை இல்லாமலிருக்கலாம். தம் வேலைக்கும் தம் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் நடந்து போகும் தூரத்தில் ஓரிடம் கேட்க அவருக்கு ஹக்கு உண்டு. அவரைக் கரையிலிருந்து மேட்டுக்கு ஏற்றியிருந்தால் அது பாதுகாப்பு. பல மைல் தொலைவுக்கு ஏற்றியனுப்பியபோது, அகற்றியதன் காரணம் வெள்ளம் மட்டுந்தானா என்ற ஐயம் எழுகிறது.

இன்னொரு விதியையும் எண்ணிப் பார்த்தோம். ஆதாயம் எவருக்கோ, இழப்பின் பொறுப்பும் அவருக்கே என்பது பிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. கரை வெறுமையானபோது பக்கத்து மனையின் விலை ஏறிற்று. பட்டா நிலத்தில்தான் அந்த அடுக்குமாடி எழுகிறது. கட்டியவர் ஆற்றைத் திருடவில்லை. ஆனால் ஒருவர் நான்கரை மணிக்கு எழுந்து பேருந்துக்கு ஓடுவதும், இன்னொருவரின் முகப்பு பசுமையைப் பார்த்து நிற்பதும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள். இழப்பு ஒருவரிடமும் ஆதாயம் இன்னொருவரிடமும் போய்ச் சேர்ந்திருக்கிறது. இடையில் கைமாறிய பணம் எதிலும் அந்தத் தாயின் பங்கு இல்லை.

பிஷ்ருல் ஹாஃபீ (ரஹ்) அவர்களின் சகோதரியார் இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களிடம் வந்து கேட்ட ஒரு மஸ்அலா ரிஸாலத்துல் குஷைரிய்யாவில் வருகிறது. இரவில் மாடியில் அமர்ந்து நூல் நூற்பவர்கள் அவர்கள். ஆட்சியாளர்களின் தீவட்டி ஊர்வலம் தெருவில் போகும்போது அதன் ஒளி மாடியில் விழும். அந்த ஒளியில் நூற்கலாமா என்று கேட்டார்கள். ஒளியை இவர்கள் கேட்கவில்லை, எவரிடமிருந்தும் பறிக்கவில்லை, நூற்காவிட்டாலும் அது வீணே போகும். இமாம் அவர்கள், நீங்கள் எந்த வீட்டவர் என்று கேட்டு அறிந்து, கண்ணீர் விட்டு, உங்கள் வீட்டிலிருந்துதான் பேணுதல் புறப்படுகிறது, அதில் நூற்காதீர்கள் என்ற கருத்தில் விடை சொன்னார்கள். எல்லாருக்கும் அவ்விடையை இமாம் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நாம் எண்ணுகிறோம். கேட்டவர் யார் என்று அறிந்த பிறகே சொன்னார்கள். பத்வா வேறு, பேணுதல் வேறு. முன்னதைப் பிறருக்குச் சொல்லலாம். பின்னதைத் தமக்குத்தாம் சொல்லிக்கொள்ள முடியும்.

இவ்வளவையும் மருமகனிடம் இரண்டு மூன்று நாட்களாகப் பிரித்துப் பிரித்துப் பேசினோம். அவர் பொறுமையாய்க் கேட்டார். இறுதியில், "கூடும் மாப்பிள்ளை. ஹராம் என்று சொல்ல நமக்கு ஆதாரமில்லை. பேணுதல் என்று வந்தால் நம் மனம் அதில் செல்லவில்லை" என்று சொல்லி முடித்தோம்.

தேநீர் கொண்டுவந்த மகள் வாயிற்படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அத்தா, அப்படியானால் இந்த வீடு?" என்றாள்.

நாம் குடியிருப்பது ஏரியில். மர்ஹூம் தந்தையார் 1980-களில் ஏரித் திட்டத்தில் மனை வாங்கி, சிறுகச் சிறுகக் கட்டிய வீடு. அந்த ஏரியின் நீரை நம்பிப் பயிர் செய்தவர்கள் எவரெவர், அவர்கள் எங்கே போனார்கள், நாம் கேட்டதில்லை. நாம் சின்னப் பையனாய் இருந்தபோது, மழை நாட்களில் தவளைச் சத்தம் வீட்டைச் சுற்றி எழும். அதை ஒரு வேடிக்கையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம். அன்று கொடுத்த விலைக்கும் இன்று அதே மனைக்குக் கேட்கப்படும் விலைக்கும் இடையே உள்ள தொகையில் நம் உழைப்பு ஒரு ரூபாய்கூட இல்லை. பதினோராவது மாடிக்கு இவ்வளவு கிதாபு புரட்டிய நாம், தரைத் தளத்துக்கு ஒரு பக்கமும் புரட்டவில்லை என்பதை மகளிடம் ஒப்புக்கொண்டோம்.

வீட்டை இடித்து ஏரியாக்குவது நம்மால் ஆகாது. சொன்னாலும் அது வெறும் பேச்சு. ஆதாயத்தில் ஒரு பங்கை இழந்தவர் பக்கம் நகர்த்துவது ஆகும். மாடிப் பகுதியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். அந்த வாடகையில் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கிக் கூடப்பாக்கத்தில் மாலையில் ஓதிக்கொடுக்கவும் பள்ளிப் பாடம் சொல்லிக்கொடுக்கவும் ஒருவரை அமர்த்தலாம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். பாதிச் செலவுக்குத்தான் வருகிறது. இதை ஸதக்கா என்று எழுதிக்கொள்ள மனம் ஒப்பவில்லை. கடன் என்று நோட்டில் எழுதியிருக்கிறோம்.

மீதிப் பாதிக்கு மஹல்லா ஜமாஅத்தில் பேச வேண்டும். ஏரித் திட்டத்தில் மனை உள்ளவர்கள் அந்த ஜமாஅத்தில் முப்பது பேருக்குக் குறைய மாட்டார்கள். வருகிற மாதம் இரண்டாம் ஜும்ஆவுக்குப் பின் கூட்டம். மருமகன் முன்பணத்தை இன்னும் கொடுக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கூட்டத்துக்கு நானும் வருகிறேன் மாமா என்றிருக்கிறார்.